பிட்டு நல்லாத்தான் வெட்டுது, ஷேங்க் தான் பொய் சொல்லுது: 15 பீஸ் ரவுட்டர் பிட் செட்

ரெண்டு ஸ்டார். ரவுட்டர்ல (மரத்துல ஓரம் உருட்டுற, பள்ளம் எடுக்கிற மெஷின்) மாட்டுற பிட்டோட வெட்டுல பெருசா குறை இல்லங்க, மத்த மூணு ஸ்டாரும் போனது விளம்பரத்துல போட்டிருந்த ஒரே ஒரு வரிக்காக. "ஷேங்க் சைஸ் 1/4 இன்ச் / 6 எம்எம்". ஷேங்க்னா பிட்டுல மெஷினுக்குள்ள போற தண்டு. நடுவுல சாய்வா ஒரு கோடு இருக்கு பாருங்க, அந்தக் கோட்டுக்குதான் நான் மெஷின்ல பிட்ட கவ்விப் பிடிக்கிற ஒரு கோலட்டையும் ஒரு தேக்குப் பலகையோட ஓரத்தையும் தண்டம் அழுதேன்.

கால் இன்ச்னா 6.35 எம்எம். ஆறு எம்எம்னா ஆறுதான். ரெண்டும் வேற வேற சாமான், ஒரே சாமானுக்கு ரெண்டு பேர் கிடையாது.

எனக்கும் அப்ப இது உறைக்கல, ஏன்னா நம்ம ஊரு மரவேலைல நூல் கணக்கு இன்னும் சாகல. எட்டு நூல் ஒரு இன்ச். கடைல போயி ரெண்டு நூல் பிளைவுட்னு கேட்டா ஆறு எம்எம் எடுத்துக் குடுப்பாங்க, அரை இன்ச்னா 12, முக்கால் இன்ச்னா 18, ஸ்கேல் வச்சுப் பாத்தா எதுவுமே கரெக்டா இருக்காது, ஆனா யாரும் சண்டைக்குப் போறதில்ல, அலமாரிக்கு பின்னாடி அடிக்கிற பலகைல 0.35 எம்எம் கொறஞ்சா யாருக்கு என்ன. அதே பழக்கத்துல ரவுட்டர் பிட்டையும் ரெண்டு நூல்னாலும் ஆறு எம்எம்னாலும் ஒண்ணுதானேன்னு வாங்கிடுறோம். விக்கிறவனும் அதே நெனப்புல எழுதிடுறான்.

என் டிரிம்மரோட (கைல பிடிக்கிற சின்ன ரவுட்டர்) வந்தது கால் இன்ச் கோலட். செட் வந்த அன்னிக்கே ஓரம் உருட்டுற ரவுண்ட் ஓவர் பிட்ட எடுத்து கோலட்டுக்குள்ள விட்டேன், சர்ருனு எறங்குச்சு. சைஸ் சரியா இருந்தா அப்படி எறங்காது, விரல்ல ஒரு பிடிப்பு தெரியும், ஆட்டிப் பாத்தா ஆடாது. இது லேசா ஆடுச்சு, நான்தான் நட்டு டைட் பண்ணா சரியாயிடும்னு ரெண்டு ஸ்பேனரையும் போட்டு முறுக்கினேன், டைட்டும் ஆச்சு! கையால இழுத்துப் பாத்தேன் வரல. அதான் இதுல இருக்கிற பெரிய ஏமாத்து.

வேலை என்னன்னா பழைய வீட்டு நிலைல இருந்து எடுத்த தேக்குல ஒரு ஊஞ்சல் பலகை, ஓரத்த மட்டும் உருட்டணும். முதல் மூணு அடி அழகா போச்சு. அப்புறம் சத்தம் மாறுச்சு, ஒரு மாதிரி கீச்சுனு, நான் முடிச்சு இருக்கும்போலனு நெனச்சு தள்ளிக்கிட்டே போயிட்டேன், திரும்பிப் பாத்தா உருட்டின ஓரத்துக்கு மேல ஒரு படி விழுந்திருக்கு, போகப்போக ஆழமா. பிட்டு கோலட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா நழுவி கீழ எறங்கியிருக்கு. இந்த சைஸ் டிரிம்மருங்க எல்லாம் நிமிஷத்துக்கு 30,000 சுத்து கிட்ட ஓடுற மெஷின், இன்னும் ரெண்டடி போயிருந்தா முழுசா கழண்டு எங்க பறந்திருக்கும்னு இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

எங்க தெருவுல இருக்கிற ஆசாரி அண்ணன்கிட்ட கொண்டு போனேன். பலகைய பாக்கவே இல்ல அவரு, பிட்ட வாங்கி ஷேங்க்க வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "தம்பி, நுனில மட்டும் வளையம் வளையமா கோடு விழுந்திருக்கு பாரு, உள்ள எங்கயுமே பிடிக்கல இது"ன்னு சொல்லிட்டு விட்டம் அளக்குற வெர்னியர எடுத்தாரு. 5.98. செட்ல இருந்த பதினஞ்சையும் வச்சுப் பாத்தோம், எல்லாமே ஆறுதான், ஒண்ணு கூட கால் இன்ச் இல்ல.

கோலட்டுனா பிளவு போட்ட ஒரு கூம்புதான், நட்ட முறுக்க முறுக்க அது சரிவான குழிக்குள்ள இறங்கி சுருங்கும். அதோட சைஸ் ஷேங்க் உள்ள இருந்தா முழு நீளத்துக்கும் ஒட்டிப் பிடிக்கும். கொறஞ்ச சைஸ் இருந்தா வாய் மட்டும்தான் கவ்வும், உள்ள காத்துதான். அப்படி அளவுக்கு மீறி சுருக்கினதால அந்தக் கோலட்டும் கோணிக்கிச்சு, இப்ப சரியான கால் இன்ச் பிட்டு போட்டாக்கூட முனை சுத்துறப்ப லேசா ஆடுது. பிட்டே இல்லாம வெறும் கோலட்ட டைட் பண்ணி வைக்கக் கூடாதுன்னு சொல்றதும் இதுக்காகத்தான், அதையும் நான் எத்தனையோ நாள் பண்ணியிருக்கேன், கூச்சமாத்தான் இருக்கு.

இதுவே தலைகீழா, கோலட் ஆறு, பிட்டு கால் இன்ச்னு இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன், உள்ளயே போகாது, திருப்பி அனுப்பிட்டு வேலையப் பாத்திருப்பேன். பெரிய ரவுட்டர்லயும் இதே கூத்து இருக்கு, அரை இன்ச்னா 12.7, ஆனா 12 எம்எம் ஷேங்க்கும் தனியா வருது, வித்தியாசம் 0.7. அங்க பிட்டும் பெருசு, நழுவினா அடியும் பெருசு.

வித்தவங்களுக்கு போன் போட்டேன். "சார் ரெண்டும் ஒண்ணுதான் சார்." நான் 0.35னு சொல்றேன், அந்தப் பையன் "சின்ன டிஃபரன்ஸ் தானே சார், நல்லா டைட் பண்ணுங்க"ங்கிறான். அவனத் திட்டி என்ன பண்ண, எழுதிக் குடுத்தத படிக்கிறான். யூஸ் பண்ணிட்டீங்க ரிட்டர்ன் கிடையாதுன்னு முடிச்சிட்டாங்க.

குளிர்பான டின்ன வெட்டி ஷேங்க்குல சுத்திப் போடுங்கனு ஒருத்தர் யோசனை சொன்னாரு. பண்ணாதீங்க. அந்தத் தகடு ஒட்டுற எடத்துல ஒரு சைடு ஏறும், பிட்டு நடுவுல நிக்காது, டேப்பும் அதே கதைதான். அரை இன்ச் கோலட்டுல கால் இன்ச் பிட்டு போட பிளவு போட்ட ஸ்லீவ் விக்கிறாங்க, அது வேற, அதுல சுவர் மூணு எம்எம் தடிமன் இருக்கும், லேசான வேலைக்கு ஓடும். ஆறுக்கும் 6.35க்கும் ஸ்லீவ் போடணும்னா சுவர் 0.175 எம்எம் தான் வரும், பேப்பர் மாதிரி, அது எங்க நிக்கும்.

கடைசில ஹார்ட்வேர் கடைக்கு டிரிம்மரோட நட்டையும் பழைய கோலட்டையும் பாக்கெட்டுல போட்டுட்டுப் போனேன். கடைக்காரர் பிராண்ட் என்னனு கேக்கல, மொதல்ல நட்டோட மரைய பாத்தாரு, கூம்ப பாத்தாரு, அப்புறம்தான் டப்பாவ தொறந்தாரு. கம்பெனிக்கு கம்பெனி கூம்பு மாறும், சைஸ் மட்டும் சொல்லி வாங்கிட்டு வந்துறாதீங்க. மக்கீட்டா 3709 மாதிரி டிரிம்மருக்கு ஆறும் இருக்கு கால் இன்ச்சும் இருக்கு, விக்கிற நாட்டப் பொறுத்து ஏதோ ஒண்ணு உள்ள வரும், இன்னொண்ண தனியா வாங்கிக்கலாம். எனக்கும் ஆறு எம்எம் கோலட் கெடச்சுது, பிட்டு இப்ப உள்ள போறப்பவே அந்த வித்தியாசம் விரல்ல தெரியுது. முழுசா அடிவரைக்கும் இறக்கிட்டு ரெண்டு எம்எம் மேல தூக்கி டைட் பண்றேன், அடில முட்டி நின்னா கோலட் இறங்குறப்ப பிட்டோட சேந்து இறங்க முடியாம பிடி சரியா விழாது.

சரி, பிட்டப் பத்தி. ஸ்ட்ரெயிட் பிட்டு வேப்பமரத்துல சுத்தமா போகுது, பிளைவுட்ல நாலஞ்சு ஷீட்டுக்கு அப்புறம் பசை பட்டு மொக்கையாகுது, அது எல்லா பிட்டுக்கும் உள்ளதுதான். ஃப்ளஷ் டிரிம்மோட பேரிங் நல்லா சுத்துது, மைக்கா ஓரம் தட்டுறதுக்கு இந்த ஒரு பிட்டே போதும். ஓரத்துல நெளிவு போடுற ஓஜி பிட்ட ஒரே தடவைல முழு ஆழம் விட்டா கருகுது, மூணு தடவையா எடுங்க. அதுக்கு மேல பெரிய பிட்டெல்லாம் இந்த ஷேங்க்ல ஆசப்படாதீங்க, அரை இன்ச் ஷேங்க் கால் இன்ச்சுக்கு பதினாறு மடங்கு விறைப்பு, விட்டம் ரெண்டு மடங்கானா விறைப்பு நாலு தடவ ரெட்டிக்கும். டப்பா மட்டும் படு மட்டம், உள்ள இருக்கிற ரப்பர் ஒரு மாசத்துல பொடியா உதிருது.

வாங்கலாமானு கேட்டா, உங்க கோலட்டு மேல 6னு எழுதியிருந்தா வாங்குங்க, காசுக்கு மோசமில்ல. 1/4னு இருந்தா இது உங்களுக்கு இல்ல. எழுத்து அழிஞ்சிருந்தா மெஷினோட வந்த பழைய பிட்ட வெர்னியர்ல வச்சுப் பாருங்க.

படி விழுந்த ஓரத்த என்ன பண்றதுன்னு தெரியல, இன்னும் ஆழமா உருட்டினா பலகை மெலிஞ்சிடும். இப்போதைக்கு அந்தப் பக்கத்த சுவத்துப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கேன். வீட்ல இன்னும் யாரும் கவனிக்கல.