திரை இல்லாமல் ஃப்ரீகேட் மரத்தை எடுப்பது: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்தால், எது எதற்குள் இருக்கிறது என்று காட்டும் ஒரு மரம் பக்கவாட்டில் தெரியுமே, அது அப்படியே கோப்புக்குள் இருக்கும் என்றுதான் தோன்றும். இல்லை. கோப்பில் இருப்பவை ஆப்ஜெக்ட்களும் அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகளும்தான். எது எதன் கீழே வர வேண்டும் என்பதை வரைகலைப் பக்கத்தில் ஒவ்வோர் ஆப்ஜெக்டையும் திரையில் காட்டும் துணை நிரலான வியூபுரொவைடர் முடிவு செய்கிறது. திரை இல்லாமல், கட்டளை வரி மட்டும் உள்ள கன்சோலில் ஓட்டினால் அந்த வியூபுரொவைடரே உருவாகாது. மரத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

முதல் வழி, ஃப்ரீகேடையே தொடாமல் வேலையை முடிப்பது. ஃப்ரீகேட் சேமிக்கும் எஃப்சிஸ்டிடி கோப்பு ஒரு ஸிப்தான். பிரித்தால் டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல் கிடைக்கும், ஆப்ஜெக்டின் வகை, உள்பெயர், லேபிள், இணைப்புகள் எல்லாம் அதில் உண்டு. வடிவங்கள் தனிக் கோப்புகளாக இருப்பதால் அவற்றை ஏற்றும் செலவும் கிடையாது. கோப்புகள் மலைபோல் குவிந்திருந்து, எதில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் இதை விட்டு வேறு எதற்கும் போக வேண்டாம். ஆனால் வேறொரு கோப்பைச் சுட்டும் லிங்க் வந்துவிட்டால் அந்தப் பாதையைத் தேடிப் பிடித்துத் திறப்பதும் நம் தலையில்தான் விழும்.

இரண்டாவது, ஃப்ரீகேடைக் கன்சோலாக ஓட்டிப் பைத்தானில் கேட்பது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அவுட்லிஸ்ட் என்று ஒரு பண்பு கையில் கிடைத்ததும் அதையே பிள்ளைகளின் பட்டியலாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சார்புகளின் பட்டியல், மரமல்ல. ஒரு பாடிக்குள் (ஒரு பாகத்தின் உறை) ஸ்கெட்ச் (தட்டை வரைபடம்), பேட் (அதைத் தடித்துத் திண்மமாக்குவது), இன்னொரு ஸ்கெட்ச், பாக்கெட் (அதன் வடிவில் குடைவது) என்று நான்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட்டின் அவுட்லிஸ்ட்டில் அதன் ஸ்கெட்ச்சோடு முந்தைய பேடும் வரும். பேடின் பட்டியலில் முதல் ஸ்கெட்ச் வரும். அந்த ஸ்கெட்ச் எந்தத் தளத்தில் வரையப்பட்டதோ அந்தத் தளமும் அதன் கீழே வந்து உட்காரும். பாடியின் பட்டியலிலோ இந்த நான்கும் மறுபடி தலைகாட்டும். அச்சிட்டுப் பார்த்தால் மரம் அல்ல, புதர்தான் தெரியும்.

சரி, உறுப்பினர்களின் பட்டியலான குரூப் பண்பை எடுத்தால்? பாடியின் கீழே நான்கும் ஒரே வரிசையில் தட்டையாக நிற்கும். திரையிலோ ஸ்கெட்ச் பேடுக்கு உள்ளே போயிருக்கும். ஆகவே குரூப்பில் தொடங்கி, வகைவாரியாக விதி எழுதுவதே சரிப்படும்: பேடும் பாக்கெட்டும் தம் புரொஃபைலை, அதாவது தாம் பயன்படுத்தும் ஸ்கெட்ச்சை, உள்ளே இழுத்துக்கொள்ளும், ஒன்றிலிருந்து இன்னொன்றை வெட்டியெடுக்கும் கட் ஆப்ஜெக்ட் பேஸையும் (வெட்டப்படுவது) டூலையும் (வெட்டுவது) இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கப்பட்டதை மேல்மட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். ஒரே ஸ்கெட்ச்சை இரண்டு பேட் பயன்படுத்தினால் அது இரண்டு இடத்திலும் வரட்டும். திரையிலும் அப்படித்தான் வரும். இன்னொன்று: வெளியே காட்டுவதற்கு லேபிள், உள்ளே தேடுவதற்கு உள்பெயர். லேபிளைப் பயனர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.

மூன்றாவது, எக்ஸ்விஎஃப்பி போன்ற போலித் திரையில் முழு ஃப்ரீகேடையும் ஓட்டி, மரத்தைக் காட்டும் திரைக்கூறான மர விட்ஜெட்டையே படிப்பது. விடை திரையில் தெரிவதோடு ஒத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் இது கனமான வழி. மரம் நிரம்பும்வரை, திரை வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யும் நிகழ்வுச் சுழலை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி மரம்தான் கைக்கு வரும். ஆட்-ஆன் வொர்க்பெஞ்ச்களின் (தனியாக நிறுவும் கூடுதல் கருவித் தொகுப்புகள்) ஆப்ஜெக்ட்கள் நிறைய இருந்தால் மட்டும் இது தேவைப்படும். எதை உள்ளே இழுப்பது என்பது அவற்றின் சொந்தப் பைத்தான் நிரலில் இருப்பதால் நம் விதிப் பட்டியலுக்கு அது தெரியாது.

வடிவமைப்பு மென்பொருள்களுக்கிடையே பொதுவான ஸ்டெப் வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் படிக்கலாமே என்றும் சிலர் கேட்பதுண்டு. பல பாகங்கள் சேர்ந்த அசெம்பிளியின் தாய்-சேய் உறவு ஸ்டெப் கோப்பிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். பாகங்களின் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஸ்கெட்ச்சும் பேடும் மாற்றும்போதே போய்விடும், வெறும் திண்மம்தான் மிஞ்சும்.

என் தேர்வு இரண்டாவது வழி. விதிகளை எழுதி முடித்ததும் சில மாதிரிக் கோப்புகளைப் போலித் திரையிலும் ஓட்டி, இரண்டு மரத்தையும் டிஃப் போட்டு, அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டு, பார்ப்பேன். வித்தியாசம் வருகிற வகைக்கு ஒரு விதி கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான்.