ஏற்காடு கோடை விழாவா, டவுன் பொருட்காட்சியா? ரெண்டுக்கும் போய் நொந்தவன் சொல்றேன்

லீவு விட்டா எங்க வீட்ல இதே பஞ்சாயத்துதான். அக்கா பசங்க ரெண்டு, நம்ம வாண்டு ஒன்னு, மூணும் சேந்து "எங்கயாச்சும் கூட்டிட்டு போங்க மாமா"ன்னு உசுர வாங்கும். மே மாசத்து சேலம் வெயில் தெரியும்ல, மதியம் வாசல்ல செருப்பு இல்லாம கால வெக்க முடியாது. அதனால எல்லாருக்கும் மொதல்ல வாயில வர்றது ஏற்காடு.

கோடை விழா பொதுவா மே கடைசியில வரும். அண்ணா பூங்காவுல மலர்க்கண்காட்சி, ஏரியில படகுப்போட்டி, நாய் கண்காட்சி, கொழு கொழு குழந்தை போட்டின்னு சின்ன ஊரே களை கட்டிரும். 1500 மீட்டர் உசரம், மேல இறங்குனதுமே காத்து மாறிடும், அதுக்கு டவுன்ல எதுவும் ஈடில்ல, ஒத்துக்கறேன். ஆனா மேல போகணுமே. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, விழா கூட்டத்துல ஏர்றதுக்கு இந்த ரோடு எறங்கறதுக்கு குப்பனூர் ரோடுன்னு ஒன்வே ஆக்கிருவாங்க, போன தடவ ஞாயித்துக்கிழம கெளம்பி ஒவ்வொரு வளைவுலயும் போர்ட்ல நம்பர எண்ணிக்கிட்டே போனோம், பதினொன்னுல சின்னவன் வாந்தி, எலுமிச்சம்பழத்த மூக்குல வெச்சும் நிக்கல, பதிமூணுல பெரியவன். பூங்காவுக்குள்ள போனா பூவுல செஞ்ச உருவத்த விட அதுக்கு முன்னாடி செல்ஃபி எடுக்குற முதுகுங்கதான் அதிகம். பசங்க பூவ எவ்ளோ நேரம் பாப்பாங்க, பத்து நிமிஷம். அப்புறம் மாங்கா பத்தைக்கு அழுவ ஆரம்பிச்சாச்சு. அத்தை மட்டும் ஒவ்வொரு தொட்டியா நின்னு டேலியாவ தடவி பாத்துட்டு இருந்தாங்க, அவங்களுக்கு மட்டும்தான் குடுத்த காசு வசூல்.

டவுன்ல லீவுக்கு தனியார் போடற பொருட்காட்சி அப்படியே தலைகீழ். தார்ப்பாய் பந்தல், புழுதி, ஜெனரேட்டர் சத்தம். உள்ள போறது சுலபம், உள்ள போனப்புறம்தான் பர்ஸ் காலி, ராட்டினத்துக்கு தனி, கொலம்பஸுக்கு தனி, மரணக்கிணறுக்கு தனி டிக்கெட்டு, போன வருஷம் ஒரு எடத்துல மூணு சுத்துலயே ராட்டினத்த நிறுத்தி எறங்க சொல்லிட்டான், கேட்டா கூட்டம் சார்ங்கறான். ஆனா பசங்க மூஞ்சிய பாக்கணுமே. டெல்லி அப்பளம் ஒன்னு வாங்கி குடுத்தேன், சின்னவன் தலைய விட பெருசு, மேல தூவுன மொளகாப்பொடி பூரா மூக்குல ஒட்டி, தும்மிக்கிட்டே தின்னான், கடைசி துண்ட யாருக்கும் குடுக்கல. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல போனா வெயிலும் இல்ல, பத்து மணிக்கு வீட்ல. அரசு பொருட்காட்சி வேணும்னா கோட்டை மாரியம்மன் பண்டிகைய ஒட்டி ஆடி வரைக்கும் பொறுக்கணும், அதுக்குள்ள ஸ்கூல் தொறந்துரும்.

நடுவுல குரும்பப்பட்டி பார்க் இருக்கு, மலை அடிவாரத்துலயே, மான் பாத்துட்டு வரலாம், அரை நாள் போதும். மேட்டூர் டேம் 120 அடி நெறஞ்சு நிக்கறப்ப பாக்கணும், மே மாசத்துல மீன் வறுவலுக்காக போலாம், வேற எதுக்கும் இல்ல.

அப்ப என்னதான் பண்றதுன்னா, பசங்களுக்குன்னா கண்ண மூடிட்டு பொருட்காட்சி. வீட்ல பெரியவங்க, செடி கொடி பைத்தியம் இருந்தா ஏற்காடு, ஆனா சனி ஞாயிறு வேணாம், செவ்வா புதன்ல காலைல மொத பஸ் ஏறிருங்க, கார் வேணாம், பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிரும். பூங்காவ பதினொரு மணிக்குள்ள முடிச்சிட்டு அந்த ஆர்க்கிட் தோட்டத்துக்கு போங்க, இந்திய தாவரவியல் ஆய்வுத்துறை வெச்சிருக்கறது, அங்க கூட்டமே இருக்காது, என்னய கேட்டா விழாவ விட அதான் மேல.

உண்மைய சொன்னா ரெண்டையும் தூக்கி சாப்புடறது ஆடியில சேலம் குகை ஏரியாவுல நடக்கற வண்டி வேடிக்கைதான். சாமி வேஷம் கட்டி, வண்டிய ஜோடிச்சு, ரோட்டோரம் ஜனம் நிக்கும், டிக்கெட்டே கெடையாது. என்ன, அது நம்ம லீவு பாத்து வராது.

போன தடவ ஏற்காட்ல இருட்டுனப்புறம் லேடீஸ் சீட்ங்கற வியூ பாயிண்ட்ல நின்னோம், கீழ சேலம் பூரா லைட்டு, எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க. சின்னவன் கம்பிய புடிச்சிட்டு ரொம்ப நேரம் உத்து பாத்துட்டு கேட்டான், "மாமா, இதுல ராட்டினம் எது?"