46,500 ரூபாய் போச்சு: பாட்டு லைப்ரரி செஞ்சு தர்றோம்னு யாராவது வந்தா உஷார்

நேத்து ராத்திரி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். இனி முடியாது. கோவத்துலதான் எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க நைனா ஆற்காடு பக்கம் சவுண்ட் சர்வீஸ் வெச்சிருந்தவர். காதுகுத்துலேர்ந்து துரோபதை அம்மன் கோயில் அக்னி வசந்த விழா வரைக்கும் குழாய் கட்டுவார். கூத்து நடக்கிற ராத்திரி ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து ஒரு ஒயரை இழுத்து டேப்ரெக்கார்டர்ல விட்டு, விடிய விடிய பதிவு பண்ணுவார். அப்படிச் சேர்ந்தது 34 கேசட். நான் சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறம் வாங்கின சீடி 212. எல்லாத்தையும் ஒரு கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஹால்ல இருக்கிற ஸ்டீரியோவோட இணைச்சு, போன்ல தேடி உக்காந்த இடத்துலயே கேட்கணும். அவ்ளோதான் ஆசை.

பழைய சாமான் வாங்கி விக்கிற ஒரு ஆப்ல விளம்பரம் பார்த்தேன். எங்க வேலூருக்குள்ளயே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ற கடை. சின்ன கம்ப்யூட்டர் 21,000, பாட்டுக்கு ஒண்ணு பேக்கப்புக்கு ஒண்ணுன்னு 2 டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு 11,000, கம்ப்யூட்டர் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏத்த சிக்னலா மாத்துற டி.ஏ.சி பெட்டி 6,500, சீடி கேசட் எல்லாம் ஏத்தித் தர கூலி 8,000. மொத்தம் 46,500. முழுசும் முன்பணம். ஜிபேல, கடை பேருக்கு இல்லை, ஒரு தனி ஆள் நம்பருக்கு. கடை ஆள்கிட்ட பில் கேட்டேன். "முடிச்சுட்டு மொத்தமா போட்டுக்கலாம் சார்"னார். காலண்டர் தாள் பின்பக்கம் எழுதிக் கொடுத்த கணக்குதான் என்கிட்ட இருக்கு.

ஏன் நம்பினேன்? அதை நினைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. அந்த ஆள் சத்துவாச்சாரியில எங்க வீட்டுக்கே வந்தார். நாடா தொய்ஞ்சிருந்த ஒரு கேசட்டை எடுத்து, பையன் பென்சிலைக் கேட்டு வாங்கி, பல்லுல விட்டு மெதுவா சுத்தினார். டெக்கோட ஹெட்டைப் பஞ்சால துடைச்சார். அப்புறம் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "அப்பா கையெழுத்தா சார்?"னு கேட்டார். கேசட்டைத் தொடுறவன் கை இப்படித்தான் இருக்கணும்னு தோணிச்சு. அந்த ஒரு கேள்விக்கு நான் 46,500 கொடுத்திருக்கேன்.

வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போனவர் செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சுட்டார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சாதாரண டெக்ல கேசட்டை வேகமா ஏத்த முடியாது, ஓடுற நேரம் ஓடித்தான் ஆகணும். என்னோடதுல 60 நிமிஷ கேசட் 20, 90 நிமிஷம் 14. மொத்தம் 41 மணி நேரம். அவர் கடையில டெக் ஒண்ணுதான், நானே கண்ணால பார்த்தேன். இதுக்கு நடுவுல 212 சீடி வேற. நாலு நாள்ல எப்படி முடியும்? நான் என்ன பண்ணேன்? "ரொம்ப ஃபாஸ்ட் சார் நீங்க"ன்னு பாராட்டி அனுப்பினேன்.

ஊர்லேர்ந்து அம்மாவை வரவழைச்சு உக்கார வெச்சேன். கூத்து போட்டேன். ரெண்டு நிமிஷம் கேட்டாங்க. "இன்னாடா இது, தாளம் எங்கடா? தொட்டித் தண்ணியில முக்கி அடிக்கிறாப்ல கீது." இரைச்சலை எடுக்கிறேன்னு ஃபில்டரைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருக்காங்க. தாளமும், முகவீணைன்னு ஊதுற குட்டி நாயனமும் அதோட சேர்ந்து போயிடுச்சு. அதைவிட மோசம், ஒவ்வொரு கேசட்டும் ஒரு பக்கத்தோட நின்னுடுது. 34 கேசட்லயும் இரண்டாம் பக்கம் ஏத்தவே இல்லை.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா தோண்டினேன். சீடிப் பாட்டெல்லாம் ஃப்ளாக் ஃபைல்னு, அதாவது சீடியோட தரம் குறையாம சேமிக்கிற ஃபைலா வரிசையா இருக்கு, சைஸும் ஒரு பாட்டு 30 எம்பின்னு சரியா இருக்கு. ஆனா சில பாட்டுல ஆல்பம் பேர் வர்ற இடத்துல ஓசிப் பாட்டு இறக்கித் தர்ற வெப்சைட் பேர்! என் சீடியைத் தொடவே இல்லை. எங்கேயோ கிடந்த, சைஸைக் குறைக்கச் சத்தத்துல கொஞ்சத்தை வெட்டிட்ட எம்பி3யை இறக்கி, ஃப்ளாக்கா மாத்தி அடுக்கியிருக்கான். ஸ்பெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், பாட்டோட அலைவரிசையைப் படமாக் காட்டும். சீடின்னா 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போக இடம் இருக்கு. இங்க திறந்த பாட்டெல்லாம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தியால வெட்டின மாதிரி நிக்குது. 128 கேபிபிஎஸ் எம்பி3யோட அச்சு அடையாளம் அது. ஒருதரம் போனது ஃப்ளாக்கா மாத்தினா திரும்பி வருமா? சக்கையை டம்ளர்ல ஊத்திக் கரும்புச்சாறுன்னா எப்படி?

ஹார்ட் டிஸ்க்? புதுசாம். டிஸ்க்கோட நிலைமையைக் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். ஓடின நேரம் 31,412 மணி. வருஷத்துக்கு 8,760 மணிதான். அப்போ மூணரை வருஷம் நிக்காம ஓடினது. ஆன் பண்ணின எண்ணிக்கை வெறும் 43. ஏதோ சிசிடிவி பெட்டியில கிடந்ததைக் கழட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். ரெண்டாவதும் அதே கதை.

போன் பண்ணேன். முதல் நாள், "உங்க ஸ்பீக்கர் பழசு சார், அதான்." அடுத்த நாள், "ஒயர் மாத்திப் பாருங்க." படத்தை அனுப்பினேன், "அது சாஃப்ட்வேர் அப்படித்தான் சார் காட்டும்." அப்புறம் ஓனர் திருப்பதி போயிருக்கார். அதுக்கப்புறம் டெக்னீஷியன் லீவு. நேர்ல போனேன். கவுன்ட்டர்ல இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காம, "பில் இருக்கா சார்?" இப்போ வாட்ஸ்அப்ல ஒத்தை டிக்தான். அந்த ஆப்காரங்களுக்கு எழுதினா, வாங்குறவரையும் விக்கிறவரையும் சேர்த்து வைக்கிறதோட எங்க வேலை முடிஞ்சதுன்னு பதில்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறுன்னு வேலூரைக் கிண்டல் பண்ணுவாங்க. என் வீட்ல இப்போ பாட்டில்லாத பாட்டுப் பெட்டி, 46,500 ரூபாய்ல.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், மனசு ஓடலை. பில் இல்லாம பைசா கொடுக்காதீங்க. டிஸ்க் வாங்கினா கடையிலயே மாட்டி ஓடின மணி பாருங்க. சீடியை நீங்களே ஏத்துங்க, அதுக்கான எக்ஸாக்ட் ஆடியோ காப்பி சாஃப்ட்வேர் இலவசம்தான். சரியா படிச்சுதான்னு மத்தவங்க எடுத்ததோட ஒப்பிட்டே சொல்லிடும், ஒரு நாளைக்கு நாலு சீடின்னாலும் போதும். கேசட்டைக் கண்ணுல படாத இடத்துக்கு அனுப்பாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் சொல்லியிருக்கேன், ஜிபே ரசீதையும் அந்தக் காலண்டர் தாளையும் வெச்சுக்கிட்டு.

சீடி பத்திரமா இருக்கு, திரும்ப ஏத்திக்கலாம். ஆனா திரும்பி வந்த கேசட்ல ஒண்ணு, நைனா கையால 'பதினெட்டாம் போர்'னு எழுதினது, நாடா கசங்கி நடுவுல அறுந்து வந்திருக்கு. அதோட இரண்டாம் பக்கம் வேற எங்கயும் இல்லை. அறுந்த நாடாவை ஒட்டத் தெரிஞ்சவங்க வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், எங்க இருந்தாலும் சொல்லுங்க. நானே எடுத்துட்டு வர்றேன். ஆனா ஒட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.