தையல் போட்ட அன்று நான் கொடுத்த ஐந்து ஸ்டாரை நம்பாதீர்கள்

கழுத்தெலும்புக்குக் கீழே மிளகளவில் ஒரு மச்சம். சில மாதங்களாக அதன் ஓரம் கலங்கி நிறம் மாறிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாம் என்று தோல் அறுவை மருத்துவரைத் தேடினேன். ஒருவருக்கு நூற்றுக்கணக்கில் ஐந்து ஸ்டார். "வலியே இல்லை", "தங்கமான கை" என்று வரிசையாக இருந்தது. அடியில் மூன்றே மூன்று ஒற்றை ஸ்டார். காக்க வைத்ததற்கு ஒருவர் திட்டியிருந்தார். "சின்ன மச்சத்துக்கு இவ்வளவு நீளத் தழும்பா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "ரிப்போர்ட் கேட்டால் மழுப்புகிறார்கள், டாக்டரைப் பார்க்கவே விடவில்லை" என்று எழுதியிருந்தார். குறை சொல்ல எங்கேயும் நாலு பேர் இருப்பார்கள் என்று தள்ளிவிட்டேன்.

டாக்டர் என்னோடு பேசியது நாலு நிமிடம் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்துவிட்டு "சாதாரண மச்சம்தான்" என்றார். வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்து வளருமா என்று கேட்கவில்லை. அம்மாவுக்குக் காதுமடலில் கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, உண்டு; கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நெஞ்சும் தோளும் காதுமடலும் கீலாய்டு அதிகம் வரும் இடங்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். ஒப்புதல் படிவத்தை நீட்டியது மரப்பு ஊசி போட்ட பிறகு, நான் மேஜையில் படுத்திருக்கும்போது. மூக்குக்கண்ணாடிகூட இல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

முடிந்து வெளியே வந்தால் ரிசப்ஷனில் ஒரு பெண் டேப்லெட்டை நீட்டி, "ஒரு ரிவியூ போட்டுடுங்க" என்றார். சட்டைப் பொத்தானை இன்னும் முழுக்கப் போடவில்லை, மரப்பும் இறங்கவில்லை. "வலியே தெரியவில்லை" என்று எழுதி ஐந்து ஸ்டார் கொடுத்தேன். அங்கே குவிந்திருந்த பாராட்டுகள் எப்படி வந்தன என்பது பிறகுதான் உறைத்தது. தழும்பு முதிர ஒரு வருடமாவது ஆகும். வெட்டிய அன்றே எழுதியவருக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? திரும்பப் போய்ப் படித்தேன். "தையல் இப்போதுதான் போட்டார்கள்", "நேற்றுதான் எடுத்தேன்" என்றுதான் பாதிக்கு மேல். அந்த மூன்று ஒற்றை ஸ்டார்காரர்கள் மட்டும் மாதங்கள் கழித்து எழுதியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் கேட்டேன். "நாளைக்கு", "அடுத்த வாரம்" என்று இழுத்தடித்து, கடைசியில் உதவியாளர் சொன்னார்: "பார்க்க நார்மலாத்தான் இருந்துச்சு, லேபுக்கு அனுப்பலை." எனக்குக் கை நடுங்கிவிட்டது. நிறம் மாறிய மச்சம் புற்றா இல்லையா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். எடுத்த சதையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அது என்னவாக இருந்தது என்று இனி உலகில் எவராலும் சொல்ல முடியாது. இப்போது பார்க்கும் வேறொரு மருத்துவர், அந்த இடத்தையும் மற்ற மச்சங்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முந்தின இரவு தூக்கம் வருவதில்லை.

நாலாம் மாதம் தழும்பு வெட்டிய கோட்டையும் தாண்டித் தடித்தது. அரிப்பு வேறு. மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி தழும்புக்குள்ளேயே போடுகிறார்கள்.

தழும்பின் நீளத்துக்கு மட்டும் அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் புடைத்துக்கொள்ளும். அதனால் படகு வடிவில், அகலத்தைப்போல் சுமார் 3 மடங்கு நீளத்துக்கு வெட்டுவதுதான் முறை. அந்த இரண்டாமவரின் புகாரிலும் உண்மையான குற்றம் "சொல்லவில்லை" என்பதுதான். நான் தழும்பை மட்டும் படித்துவிட்டு அந்த வார்த்தையைத் தவறவிட்டேன்.

எங்கே போனாலும் ஊசி போடுமுன்னே கேளுங்கள்: எடுப்பது லேபுக்குப் போகுமா, ரிப்போர்ட் என் கைக்கு எந்தத் தேதியில் வரும், ஆறு மாதம் கழித்துத் தழும்பு தடித்தால் யார் பார்ப்பார்கள்?

என் ஐந்து ஸ்டாரை ஒன்றாக்கி நடந்ததை எழுதினேன். நான் எந்த நாளில் வந்தேன், வேறு எதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் சேர்த்து ஊரறிய பதில் போட்டார்கள். நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டியவர்கள் செய்த வேலை இது. இரண்டு நாள் கழித்து போன் வந்தது: ரிவியூவை எடுத்தால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களாம். எடுக்கவில்லை. மூன்றாமவர் எழுதியதற்கு நேர் மேலே இருக்கிறது, தேதியோடு.