கற்பனைச் சிறுவனா, கப்பலின் ஆவணமா?

வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகங்களில் இரண்டு வகை அதிகம் கிடைக்கின்றன. உண்மை நிகழ்ச்சிக்குள் ஒரு கற்பனைச் சிறுவனை உலவவிடும் கதை ஒன்று. ஆவணங்களையும் படங்களையும் வைத்து, நடந்ததை மட்டும் சொல்வது மற்றொன்று.

டைட்டானிக்கையே எடுத்துக்கொள்வோம். கதைப்புத்தகத்தில் ஒரு பையன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்துபோன தளத்தில் ஓடுகிறான். புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. ஆனால் முடித்ததும் பிள்ளை கேட்பது, "இவன் நிஜமாகவே இருந்தானா?" எது புனைவு, எது நிஜம் என்று கடைசியில் பிரித்துச் சொல்லாத புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

ஆவண வகை மெதுவாகத்தான் பிடிக்கும், பிடித்தால் விடாது. 1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதிகாலை 2.20க்கு மூழ்கிவிட்டது. சுமார் 2,200 பேர் இருந்த கப்பலில் 20 உயிர்காப்புப் படகுகள். எல்லாம் நிரம்பினாலும் 1,178 பேருக்குத்தான் இடம். அதிலும் 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு பாதிகூட நிரம்பாமல் இறக்கப்பட்டது. கப்பலில் இருப்பதே பத்திரம் என்று பலர் நம்பியிருந்தார்கள்! இந்த ஒரு விவரத்துக்கு ஈடாக எந்தக் கற்பனைக் காட்சியும் எனக்குத் தோன்றவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதையில் தொடங்கலாம். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஆவணமே என் தேர்வு. உரையாடலை இட்டுக்கட்டிவிட்டு அட்டையில் 'உண்மைக் கதை' என்று அச்சிடும் மூன்றாவது ரகமும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.