14,400 வெள்ளி போனது: மே மாதத்தில் பாலைவனப் பூங்காவுக்கு ஆள் சேர்ப்பவர்களிடம் எச்சரிக்கை

பள்ளி விடுமுறையில் ராஜஸ்தானில் உள்ள பாலைவனத் தேசியப் பூங்காவைப் பார்ப்பதற்காக, நால்வருக்குத் தலா 3,600 என்று மொத்தம் 14,400 மலேசிய வெள்ளியை ஒரு பயண முகவரிடம் கட்டினோம். ஊர் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை, கோபமும் ஆறவில்லை. சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அதே முகவர் புலன (வாட்ஸ்அப்) குழுக்களின் வழியாக இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருப்பதால் இதை உடனே எழுதுகிறேன். அவருக்குக் கடை கிடையாது. முகநூல் பக்கமும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே உண்டு.

பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குப் பறவைகள் என்றால் உயிர். உலகில் ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியுள்ள கானமயிலில் பெரும்பகுதி ஜெய்சல்மர் பக்கத்துப் புல்வெளிகளில்தான் வாழ்கிறது என்று படித்ததிலிருந்து, அதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முகவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்தபடி, தன் பாட்டியும் தோட்டத்தில் வேலை செய்தவர்தான் என்றார். "நானும் எஸ்டேட் பிள்ளைதான்மா, உங்கள ஏமாத்துவேனா?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அப்பா தம் சேமநிதிப் பணத்திலிருந்து எடுத்து வைத்திருந்த தொகையை எண்ணிக் கொடுத்தார்.

மே மாதத்தில் அங்கே வெயில் கடுமையாக இருக்காதா என்று நான் நேராகவே கேட்டேன். "நம்ம ஊரு வெயில் மாதிரிதான் அண்ணே. கூட்டம் இருக்காது, அதுதான் போறதுக்கு நல்ல நேரம்" என்று பதில் சொல்லி, வானத்தை மறைத்துப் பறக்கும் டெமாய்செல் நாரைகளின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அந்தப் படம் பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் கிராமத்தில் எடுக்கப்பட்டது என்பதை அங்கே போன பிறகு ஓட்டுநர்தான் சொன்னார். அந்த நாரைகள் குளிர்காலத்துக்கு மட்டுமே வந்து தங்கி, மார்ச் மாதவாக்கில் வடக்கே திரும்பிவிடும் பறவைகள். அதே பலோடியில்தான் 2016 மே 19 அன்று வெப்பம் 51 டிகிரி செல்சியசைத் தொட்டது. படம் எந்த ஊருடையதோ அந்த ஊரின் மே மாத வெயில் எப்படிப்பட்டது என்பது, அதைக் காட்டிப் பணம் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஜெய்சல்மரில் வண்டியை விட்டு இறங்கியபோது, தோட்டத்தில் ரப்பர் தாள் உலர்த்தும் புகைவீட்டின் கதவைத் திறந்தால் முகத்தில் அறைவது போன்ற சூடு எங்கள் மீது மோதியது. சாம் மணல்மேட்டில் இரண்டு இரவு தங்குவதற்கென்று சொல்லப்பட்ட கூடார முகாமில் கூடாரமே இல்லை. துணிகளைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள். மணலில் இரும்புக் கம்பிகள் மட்டும் நட்டபடி நின்றன. காவலுக்கு இருந்த பெரியவர், அங்குள்ள முகாம்களில் பெரும்பாலானவை கோடையில் மூடப்பட்டு அக்டோபரில்தான் திறக்கப்படும் என்றார். விடியற்காலையில் பூங்காவுக்குள் போன வண்டியும் வெயில் ஏறியதும் திரும்பிவிட்டது. அது கானமயில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் வேலியிட்ட புல்வெளிப் பக்கம் நெருங்கவும் முடியவில்லை. ஒரு சிங்காரா மானைத் தொலைவில் கண்டோம், அவ்வளவுதான். மறுநாள் அம்மா மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் உப்புநீர் ஏற்றினார்கள். அந்தச் செலவும், நகரத்தில் குளிர்சாதன அறை எடுத்த செலவும் அந்த 14,400 வெள்ளி போக, கூடுதலாக எங்கள் கையிலிருந்து போனவை.

அங்கிருந்தபடியே முகவரை அழைத்தேன், எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளைப் படித்ததற்கான நீலக்குறி மட்டும் விழுந்தது. ஊர் திரும்பிய பிறகு, "வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி அனுப்பினார். நான் கேட்டது வானிலையை அல்ல, இல்லாத கூடாரத்துக்கு ஏன் பணம் வாங்கினீர்கள் என்பதை. அதற்கு, முகாமைப் பதிவு செய்தது இந்தியாவில் உள்ள கூட்டாளி என்றார். அந்தக் கூட்டாளியின் எண்ணைக் கேட்டால் மேலாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார். கடைசியாக, அடுத்த பயணத்தில் 300 வெள்ளி கழித்துத் தருவதாகச் சொல்கிறார். கட்டியது 14,400 வெள்ளி. அப்பாவை அழைத்து, "அங்கிள், பெரிய மனசு பண்ணுங்க" என்று வேறு பேசியிருக்கிறார். அப்பா பதில் பேசாமல் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நன்றாகக் குளிரும், கம்பளி ஆடை வேண்டும். மார்ச் பாதிக்குப் பிறகு வேண்டாம். நம் ஆண்டு நடுப் பள்ளி விடுமுறை அங்கே உச்சக் கோடையில் விழுகிறது. யார் என்ன சொன்னாலும் முதியவர்களை அந்த நேரத்தில் அழைத்துப் போகாதீர்கள். முகவரின் உரிமம் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சிடம் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள், ரசீது இல்லாமல் ரொக்கமாகவும் கொடுக்காதீர்கள். தங்குமிடத்தின் பெயரை எழுத்தில் வாங்கி, நீங்களே அங்கு அழைத்து அந்தத் தேதியில் திறந்திருக்குமா என்று கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நான் ரசீதையும் புலன உரையாடல்களையும் அச்செடுத்துவிட்டேன், திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். இந்த முகவரிடம் பணம் கட்டியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், உங்கள் ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்கும் அதே நாரைப் படத்தைப் போட்டு நேற்று மாலை விளம்பரம் செய்திருக்கிறார், முன்பணம் 500 வெள்ளியாம்.