குழந்தை ரிப்போர்ட்டில் பெரியவர் அளவு: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கப் பெற்றோர் கவனத்துக்கு

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கிற நாங்கள் இதை எழுதக் காரணம், மறுபரிசோதனைக்கு வந்த இரண்டு குழந்தைகளின் பழைய ரிப்போர்ட்டுகள். அவற்றைக் கொடுத்த இடத்தின் பெயர் வேண்டாம்.

முதலாவது கோட்டையூர்ப் பக்கம், மூன்று வயதுப் பையன். முகம் வெளிறி, வளவுச் சுவரின் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான். காமாலையோ என்று அப்பத்தா பயந்திருக்கிறார். 1,400 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ். நரம்பு கிடைக்கவில்லை என்று விரலைக் குத்தி, பிதுக்கிப் பிதுக்கி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 8.1, எஸ்ஜிஓடி (கல்லீரலிலும் சிவப்பணுவிலும் இருக்கும் நொதி) 78, அல்கலைன் பாஸ்படேஸ் (கல்லீரலிலிருந்து வரும் இன்னொரு நொதி) 310. மூன்றும் தடித்த எழுத்தில். "காமாலை ஆரம்பம்" என்று சொல்லி, கல்லீரல் சிரப் இரண்டு பாட்டிலை அங்கேயே தலையில் கட்டிவிட்டார்கள்.

அதே தாளில் மொத்த பிலிருபின், அதாவது காமாலையில் மஞ்சளாக்குகிற நிறமி, 0.6. அந்த அளவில் காமாலை கிடையாது! பாஸ்படேஸ் வளர்கிற எலும்பிலிருந்தும் வரும். மூன்று வயதில் 310 இயல்பு. பக்கத்தில் அச்சடித்திருந்த 40–130 பெரியவர்களுக்கான அளவு. எஸ்ஜிஓடி ஏறியது பிதுக்கியதால்தான்: சிவப்பணு உடைந்தால் உள்ளே இருப்பது சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) கலந்துவிடும். பெரும்பாலும் கல்லீரலிலேயே இருக்கும் எஸ்ஜிபிடி 22-இல் அடங்கி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிதுக்கும்போது சதை நீரும் சேர்வதால் ஹீமோகுளோபினும் குறைத்துக் காட்டும்.

கை நரம்பில் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு 46 லட்சம் (4.6 மில்லியன்), பெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) 6. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால், அதாவது 64-ஐ 4.6-ஆல் வகுத்தால் 13.9, 13-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு, கீழே என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டையும் பார்க்க வேண்டும். பெரிட்டின் இங்கே சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. காய்ச்சலோடு எடுத்தால் அது கூடுதலாகக் காட்டும் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பையன் காரையைத் தின்றதும் இந்தக் குறைவினால்தான். இரும்புச் சத்து மருந்து தொடங்கியிருக்க வேண்டிய நாட்களில் வீட்டில் கல்லீரல் சிரப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது குழந்தையை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. தேவகோட்டைப் பக்கம், 45 நாள் பெண் குழந்தை, கண்ணில் மஞ்சள். மொத்த பிலிருபின் மட்டும் பார்த்து 6.2 என்று எழுதி, "இளவெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தை மதுரைக்கு எடுத்துப் போகும் வண்டி வரும்வரை டியூப் ஜன்னலோர வெளிச்சத்தில் நின்றதாக அம்மா சொன்னார். வெளிச்சம் பட்டால் பிலிருபின் அழியும், அளவு குறையும். டியூபை உடனே கறுப்புத் தாளில் சுற்ற வேண்டும்.

பிறந்து 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் டைரக்ட் பிலிருபினும் (கல்லீரல் பக்குவப்படுத்திப் பித்தத்தில் அனுப்பும் பங்கு) பார்த்தே ஆக வேண்டும். அது 1-க்கு மேல் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். வெயில் அதற்கு எதுவும் செய்யாது. கல்லீரலைக் குடலோடு இணைத்துப் பித்தத்தை வடியவைக்கும் கசாய் என்கிற அறுவையைப் பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். நாங்கள் பார்த்தபோது இந்தக் குழந்தைக்கு டைரக்ட் 4.8. மலம் வெள்ளைக் களிமண் போல, மூத்திரம் பட்ட துணியில் மஞ்சள் கறை. இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது வயதை மாதத்தோடு எழுதச் சொல்லி, ரிப்போர்ட்டில் அந்த வயதுக்கான அளவுதான் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அணுக்களை எண்ண எடுக்கும் ஊதா மூடி டியூபைக் குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சரியாகக் கலக்காமல் உறைந்தால் தட்டணு எண்ணிக்கை பொய்யாகும். சீரம் சிவந்திருந்தால் மறுபடி எடுக்கக் கேளுங்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். டைரக்ட் விடுபட்டிருந்தால், வெளிச்சம் படாமல் வைத்த மீதிச் சீரத்திலேயே அன்றே பார்த்துவிடலாம். குழந்தைக்கு இன்னொரு ஊசி வேண்டியதில்லை.